மிருதங்கம் முதல் மின்சார கார் வரை: சத்தத்தை அளந்த தஞ்சை வம்சாவளி விஞ்ஞானி சி.வி.ராமன்

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் சாயங்கால நேரத்தில் ரோட்டைக் கடப்பவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் வேலை செய்வது காதுதான். பஸ்ஸின் உறுமல், புல்லட்டின் படபட, டீசல் ஆட்டோவின் கடகட. எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது, எவ்வளவு வேகம் என்று காது கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் கழுத்து திரும்பும்.

இப்போது அந்தக் கணக்கு தப்ப ஆரம்பித்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டரும் மின்சார காரும் மெதுவாக வரும்போது கிட்டத்தட்ட சத்தமே இல்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். கண் தெரிந்தவர்களுக்கே இப்படி என்றால், காதை நம்பி மட்டுமே நடக்கும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு?

அதனால்தான் உலகம் முழுக்க ஒரு விநோதமான கேள்வி எழுந்திருக்கிறது: சத்தமில்லாத வண்டிக்கு என்ன சத்தம் கொடுப்பது? ஹாரன் மாதிரி கத்த வேண்டுமா, வீணை மாதிரி இனிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி வருவதற்கு 100 வருஷம் முன்னாடியே, ஒரு சத்தம் எப்போது இரைச்சல் ஆகிறது, எப்போது நாதம் ஆகிறது என்று உட்கார்ந்து அளந்த ஒருவர் இருந்தார். அவரை நமக்கு ஒளிக்காகத்தான் தெரியும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், ராமன் விளைவு, நோபல் பரிசு. ஆனால் சர் சி.வி.ராமன் வாழ்க்கையின் முதல் பாதி பெரும்பாலும் சத்தத்தோடுதான் போனது. அந்தக் கதை இங்கே.

காவிரிக் கரையில் பிறந்தவர்

ராமனின் முன்னோர் தஞ்சை மாவட்டத்தின் மாங்குடி, புரசக்குடி பகுதியில் நிலம் வைத்து விவசாயம் பார்த்தவர்கள். அப்பா சந்திரசேகர ஐயர் அந்த வழியில் இருந்து விலகி, ஆங்கிலக் கல்வி படித்து ஆசிரியர் ஆனவர். அம்மா பார்வதி அம்மாள். அம்மாவின் அப்பா சப்தரிஷி சாஸ்திரி சமஸ்கிருதப் பண்டிதர். இளவயதில் நியாய சாஸ்திரம் படிப்பதற்காகத் தமிழ்நாட்டில் இருந்து வங்காளம் வரை நடந்தே போனவர் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

1888 நவம்பர் 7-ம் தேதி, திருச்சி அருகே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் திருவானைக்காவலில், அந்தத் தாத்தா வீட்டில்தான் ராமன் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது.

வீட்டில் இரண்டு விஷயங்கள் எப்போதும் இருந்தன. ஒன்று புத்தகம். இன்னொன்று அப்பாவின் வயலின். கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கும் மனுஷன், வீட்டுக்கு வந்தால் வயலின் வாசிப்பார். அந்த இரண்டும் வேறு வேறு உலகம் இல்லை என்பது பையனுக்குச் சின்ன வயதிலேயே பிடிபட்டுவிட்டது.

1892-ல் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன், 13 வயதில் இன்டர்மீடியட், 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். 1906-ல், மாணவராக இருக்கும்போதே, லண்டனில் வெளிவந்த ஃபிலசாஃபிகல் மேகஸின் இதழில் முதல் ஆய்வுக் கட்டுரை. 1907-ல் எம்.ஏ.

அந்தக் காலத்தில் இவ்வளவு மார்க் எடுத்தால் அடுத்த ஸ்டாப் இங்கிலாந்துதான். ஆனால் உடம்பைப் பரிசோதித்த மருத்துவர், இங்கிலாந்தின் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே ஊரிலேயே எழுதக்கூடிய நிதித்துறைத் தேர்வை எழுதினார். அதிலும் முதலிடம்.

அதே வருஷம் லோகசுந்தரியோடு கல்யாணம். லோகசுந்தரி வீணை வாசிப்பவர். முதன்முதலில் அவரை ராமன் பார்த்தபோது, திருவையாறு தியாகராஜரின் கீர்த்தனை ஒன்றை வீணையில் வாசித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லப்படுவதுண்டு. தஞ்சை மண்ணின் பாட்டு, தஞ்சை மண்ணின் வாத்தியம். பின்னாளில் அந்த வாத்தியத்தை ராமன் விடவே இல்லை.

டிராமில் இருந்து தெரிந்த பெயர்ப்பலகை

1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலை. வயது 18. நல்ல சம்பளம், நல்ல அந்தஸ்து. அத்தோடு விட்டிருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

டிராமில் போய்க்கொண்டிருந்தபோது பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது என்பது அடிக்கடி சொல்லப்படும் கதை. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய நிறுவனம். உள்ளே கருவிகள் இருந்தன, ஆய்வு செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் கதவைத் தட்டினார். திறந்தவர் அசுதோஷ் டே. அடுத்த பல வருஷங்களுக்கு ராமனின் கை கால் மாதிரி கூடவே இருந்தவர் அவர்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். கல்கத்தாவில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1902-ல். சென்னையில் அதற்கும் முன்பே, 1895-ல். அதாவது ராமன் படித்த ஊரிலும் வேலை பார்த்த ஊரிலும் மின்சார வண்டி தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிராம் வருவதை எப்படித் தெரிந்துகொள்வார்கள்? தண்டவாளச் சத்தம் பாதி, ஓட்டுநர் காலால் மிதித்து அடிக்கும் மணி பாதி. மின்சார வண்டி எச்சரிக்கை ஒலி கொடுக்க வேண்டும் என்பது புதுசு இல்லை.

டெல்டாவில் அது இன்னும் பழசு. மாட்டு வண்டிக்கு இன்ஜின் கிடையாது. மாட்டின் கழுத்தில் சலங்கை கட்டினார்கள். கோயில் யானைக்கு மணி கட்டினார்கள். அழகுக்காக மட்டும் இல்லை, வழி விடச் சொல்வதற்கும்தான்.

சரி, கதைக்கு வருவோம். பகல் முழுக்க அரசாங்கக் கணக்கு. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும், விடியற்காலையிலும் இரவிலும் ஆய்வகம். நடுவில் 1909-ல் ரங்கூன், 1910-ல் நாக்பூர் என்று மாற்றல் வந்தபோதும் ஆய்வை நிறுத்தவில்லை. 1911-ல் மறுபடி கல்கத்தா. இந்தக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களில் பெரும்பங்கு சத்தம்தான். ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று, வங்காளத்துப் பாடகர்கள் கையில் வைத்திருக்கும் ஒற்றைக் கம்பி வாத்தியமான ஏக்தாராவைப் பற்றியது.

1917-ல், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால், பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். சம்பளம் ஏறத்தாழ பாதி. அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ராமன் மறுத்தார். நிபந்தனையைத்தான் விட்டுக்கொடுத்தார்கள், ராமனை இல்லை.

வயலின் வாசித்த இயந்திரம்

ராமன் முதலில் பிடித்தது அப்பாவின் வாத்தியத்தை.

வயலின் கம்பியின் மேல் வில் போகும்போது உண்மையில் என்ன நடக்கிறது? வில் கம்பியைப் பிடிக்கும், கொஞ்சம் இழுக்கும், பிறகு கம்பி வழுக்கித் திரும்பும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். இதன் கணிதத்தை விரிவாக எழுதி 1918-ல் வெளியிட்டார் ராமன்.

கணக்கு மட்டும் போதாது, அளக்க வேண்டும். மனிதக் கை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் வாசிக்காது. ஆகவே இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதில் வேடிக்கை என்னவென்றால், வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் போய் வரும். வில்லின் வேகம், அழுத்தம், குதிரையில் இருந்து எவ்வளவு தூரத்தில் உரசுகிறது என்பதை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அளந்தார். 1920-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

இதில் இருந்து நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். வாசிப்பவரின் கை வேகம் சத்தத்தில் தெரிகிறது. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், வில் மெதுவாகப் போகிறதா வேகமாகப் போகிறதா என்று நமக்குப் புரிகிறது. பெட்ரோல் இன்ஜினும் அப்படியே. ஆக்சிலரேட்டர் முறுக்கினால் சுருதி ஏறும். வண்டி வேகம் எடுக்கிறது என்று தெருவில் நிற்பவர் காதுக்குத் தகவல் போய்விடும். மின்சார வண்டியில் அந்தத் தகவல்தான் காணாமல் போனது.

விதியை மீறிய வீணை

அடுத்து வீணையும் தம்பூராவும்.

ஒரு கம்பியை மீட்டினால் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வருவதில்லை. அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணில் மேல்சுரங்களும் வரும். ஐரோப்பிய இயற்பியலில் இதற்கு ஒரு விதி இருந்தது. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரம் எதுவும் வராது என்பது அந்த விதி. யங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் பெயரால் சொல்லப்படுவது.

வீணையில் ராமன் சோதித்தார். வரக்கூடாத மேல்சுரம் வந்தது!

காரணம் குதிரை. வயலினின் குதிரை கத்தி முனை மாதிரி மெல்லியது. வீணையின் குதிரை அகலமானது, மேற்பரப்பு லேசாக வளைந்தது. கம்பி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகும். தம்பூராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி நகர்த்தி, சரியான இடம் வந்ததும் விடுவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். பெயரே சொல்கிறது, அதுதான் உயிர் என்று. அந்தத் தொட்டு விலகலில்தான் மேல்சுரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன. 1921-ல் ராமன் இதை எழுதினார்.

ஒற்றைப் பலாமரத்தில் குடைந்து வீணை செய்யும் தஞ்சைக் கைவினைஞர்கள், இந்தக் குதிரையின் வளைவை அரத்தால் தேய்த்து, காதால் கேட்டு, மறுபடி தேய்த்து தலைமுறை தலைமுறையாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அதற்கான இயற்பியல் விளக்கத்தை ராமன் சொன்னார். கண்டுபிடிப்பு அவர்களுடையது, விளக்கம் இவருடையது.

மிருதங்கத்தின் கறுப்புச் சோறு

இப்போது நெல் விளையும் ஊரின் கதை.

ஒரு தகர டப்பாவின் மேல் தோலைக் கட்டித் தட்டினால் சத்தம் வரும், ஸ்வரம் வராது. ஏன்? வட்டமான தோல் அதிரும்போது வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கே இல்லாமல் போகும். காதுக்கு அது கலவரம். ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையைத் தட்டினால் சுருதி கேட்கிறது. பாடகரின் சுருதியோடு சேர்கிறது. எப்படி?

நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் ரகசியம். இரும்புச் சத்துள்ள கல்லின் பொடியையும் வடித்த சோற்றையும் சேர்த்து அரைத்து, மெல்லிய படலம் படலமாக வைத்து, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து ஏற்றுவார்கள். அதனாலேயே அதைச் சோறு என்றும் சொல்வதுண்டு. சாப்பிடும் அரிசிதான் மிருதங்கத்துக்கும் குரல் கொடுக்கிறது.

1920-ல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் ராமன் இதைப் பற்றி எழுதினார். பிறகு 1934-ல் இன்னும் விரிவாக. தோலின் மேல் நுண்ணிய மணலைத் தூவி, தட்டி, மணல் எங்கே தங்குகிறது என்று பார்த்தார். மணல் தங்கும் கோடுகள்தான் தோல் அசையாத இடங்கள். அப்படி ஒன்பது வகை அதிர்வுகளைப் பிரித்துக் காட்டினார். அந்த ஒன்பதும், சோற்றின் எடையால், ஐந்தே ஸ்வரங்களில் போய் விழுகின்றன. 1, 2, 3, 4, 5 என்று சுத்தமான மடங்குகளில்!

அதாவது இரைச்சலாக இருக்க வேண்டிய ஒரு பொருளை, கொஞ்சம் சோற்றை வைத்து நாதமாக மாற்றியிருக்கிறார்கள். தோல் வேலை செய்யும் குடும்பங்களின் கையும் காதும் செய்த வேலை இது. இயற்பியல் பின்னால்தான் வந்தது.

கிசுகிசுக்கும் சுவர்கள்

1921-ல் ராமன் முதல்முறையாகக் கப்பல் ஏறினார். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் வட்டக் கூடத்தில், சுவரோரம் மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ராமன் அங்கேயே நின்று சோதித்தார். ஊர் திரும்பிய பிறகு பிஜாப்பூர் கோல் கும்பஸிலும் அதைப் படித்தார். ஒலி சுவரை ஒட்டியே ஊர்ந்து போகிறது என்ற பழைய விளக்கத்தை இன்னும் நுணுக்கமாக்கினார்.

தஞ்சாவூரின் சந்துகளில் நடப்பது அதே நிகழ்வு இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று காது முடிவு செய்வதில் சுவருக்கும் பங்கு உண்டு. இரண்டு பக்கமும் வீடு நெருக்கிய தெருவில், பின்னால் வரும் வண்டியின் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்தச் சத்தம் மெலிந்ததாகவும் ஒற்றை ஸ்வரமாகவும் இருந்தால், திசை தெரியாமல் காது தடுமாறும்.

அந்தப் பயணத்தின் திரும்பும் வழியில்தான் மத்தியத் தரைக்கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் ஏன் நீலம்? அந்தக் கேள்வி அவரை ஒலியில் இருந்து ஒளிக்கு இழுத்துப் போனது. 1924-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1927-ல் ஜெர்மானிய இயற்பியல் கலைக்களஞ்சியத்தில் இசைக்கருவிகள் பற்றிய கட்டுரை எழுதும் பொறுப்பு. 1928 பிப்ரவரி 28-ல், கே.எஸ்.கிருஷ்ணனோடு செய்த ஆய்வின் பலனாக ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. இந்தப் பகுதியைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம்.

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். அடுத்த வருஷம் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். நோபல் வாங்கியவர் புதிய அகாடமியின் இதழில் என்ன எழுதினார் தெரியுமா? முன்பு சொன்ன அந்த மிருதங்க, தபலாக் கட்டுரைதான். அடுத்து நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, காதுக்குக் கேட்காத மீயொலி ஒளியை எப்படி வளைக்கிறது என்று 1935, 36-ல் தொடர் கட்டுரைகள். ஒளிக்குப் போனாலும் ஒலியை விட்டுவிடவில்லை.

சரி, இதுக்கும் மின்சார காருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ராமன் மின்சார காருக்குச் சத்தம் வடிவமைக்கவில்லை. ஆனால் இன்று பொறியாளர்கள் கேட்கும் கேள்விகளும், அவர் வாத்தியங்களிடம் கேட்ட கேள்விகளும் ஒரே மாதிரியானவை.

முதலில் ஆபத்து நிஜமா என்று பார்ப்போம். பிரிட்டனின் 2013 முதல் 2017 வரையிலான விபத்துத் தரவுகளை வைத்து லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 10 கோடி மைல் ஓட்டத்துக்கு, மின்சார மற்றும் ஹைப்ரிட் கார்கள் மோதிய பாதசாரிகள் சராசரியாக 5.16 பேர். பெட்ரோல், டீசல் கார்கள் மோதியது 2.40 பேர். இரண்டு மடங்குக்கும் மேல். வித்தியாசம் நகரங்களில்தான் அதிகம்.

இதைப் பல வருஷம் முன்பே எச்சரித்தவர்கள் பார்வையற்றவர்கள்தான். அமெரிக்காவில் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு தொடர்ந்து குரல் கொடுத்ததன் பலனாக, 2011 ஜனவரியில் அங்கே சட்டம் வந்தது. 2016-ல் ஐ.நா.வின் 138-ம் எண் விதிமுறை வந்தது. ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சார, ஹைப்ரிட் கார்களுக்கும் செயற்கை ஒலி கட்டாயம். இந்த அமைப்புக்குச் சுருக்கப் பெயர் ஏவிஏஎஸ். வண்டியின் வெளியே ஒரு ஸ்பீக்கர், உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர். அவ்ளோதான்.

ஐ.நா. விதி என்ன சொல்கிறது?

* 20 கி.மீ. வேகம் வரையிலும், ரிவர்ஸ் போகும்போதும் ஒலி வர வேண்டும். அதற்கு மேல் வேகம் கூடக்கூட டயர் உரசும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் இந்த எல்லை 30 கி.மீ.

* 10 கி.மீ. வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20 கி.மீ. வேகத்தில் 56 டெசிபல். அதிகபட்சம் 75 டெசிபல். காதைக் கிழிக்கக் கூடாது.

* ஒற்றை ஸ்வரம் போதாது. குறைந்தது இரண்டு அதிர்வெண் பட்டைகளில் ஒலி இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது 1,600 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழே.

* வேகம் கூடக்கூட சுருதி மாற வேண்டும்.

கடைசி இரண்டையும் இன்னொரு தடவை படியுங்கள். வேகத்தோடு மாறும் ஒலி: அது வயலின் இயந்திரத்தில் பார்த்தது. ஒரே ஒலிக்குள் பல அதிர்வெண்கள்: அது வீணைக் குதிரை செய்வது.

இதற்குக் காரணம் நம் காது. கீழ் ஸ்வரங்களின் திசையை, சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை கண்டுபிடிக்கும். மேல் ஸ்வரங்களுக்கு, எந்தக் காதில் சத்தம் கூடுதல் என்பதை வைத்து. ஒற்றைப் பீப் ஒலியில் இந்தத் துப்புகள் குறைவு. அதனால்தான் செல்போன் எங்கேயோ பீப் அடித்தால் வீடு முழுக்கத் தேடுகிறோம். பல அதிர்வெண்கள் கலந்த ஒலி என்றால் திசை சட்டென்று பிடிபடும். வயதானவர்களுக்கு மேல் ஸ்வரங்கள்தான் முதலில் கேட்காமல் போகும். கீழ்ப் பட்டை ஒன்று கட்டாயம் என்பது அவர்களுக்கும் பயன்படும்.

மிருதங்கம் சொல்லும் பாடம் வேறு. மடங்குகளில் ஒழுங்காக நிற்கும் அதிர்வுகள் நாதம். ஒழுங்கில்லாதவை இரைச்சல். ஒரு தெருவில் 100 மின்சார வண்டிகள், 100 வகை இரைச்சல் போட்டால் அமைதி என்ற பெரிய லாபமே போய்விடும். கேட்க வேண்டும், ஆனால் எரிச்சல் ஆகக் கூடாது. சத்தத்தைக் கூட்டித் தீர்க்கிற விஷயம் இல்லை இது, சத்தத்தை வடிவமைத்துத் தீர்க்க வேண்டியது.

வண்டி ஹாரன்களில் புல்லாங்குழல், தபலா, வயலின், ஹார்மோனியம் போன்ற இந்திய வாத்தியங்களின் ஒலி மட்டும் இருக்கும்படி சட்டம் கொண்டுவர யோசிப்பதாக 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பேசியது நினைவிருக்கலாம். சமூக வலைதளங்களில் மீம்ஸ் பறந்தன. சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கேட்க வேண்டியது ஒன்றுதான். எந்த வாத்தியம் என்பது இல்லை. அந்த ஒலியைக் கேட்டதும் வண்டி எங்கே, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று தெரியுமா என்பதுதான்.

இந்தியாவில் விதி என்ன? தஞ்சைக்கு அது போதுமா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் ஒரு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. அதன்படி, 2026 அக்டோபர் 1 முதல் புதிய மாடல் மின்சார வாகனங்களுக்கும், 2027 அக்டோபர் 1 முதல் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மாடல்களுக்கும் ஏவிஏஎஸ் கட்டாயம். தர அளவுகோல் ஏஐஎஸ்-173.

ஆனால் இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை. வரைவு சொல்வது எம், என் என்ற பிரிவுகளை. அதாவது கார், பஸ், வேன், லாரி. இந்தியாவில் விற்கும் மின்சார வாகனங்களில் பெரும்பகுதி ஸ்கூட்டரும் மூன்று சக்கர வண்டியும்தான். அவை எல் பிரிவு. இந்த வரைவில் அவை இல்லை.

தஞ்சாவூர் மாதிரி ஊரில் இதன் அர்த்தம் என்ன? மேலவீதி, கீழவீதியில் உங்கள் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரப்போவது கார் இல்லை, ஸ்கூட்டர்.

ஊரை விட்டு வெளியே வாருங்கள். குறுவை அறுவடை முடிந்து, மழைக்கு முன்னால் ஈர நெல்லைக் காயவைக்கக் களம் போதாமல், டெல்டா முழுக்க ரோட்டோரம் நெல் விரித்திருப்பார்கள். பெண்கள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நடப்பார்கள். தலை குனிந்திருக்கும், முதுகு ரோட்டைப் பார்த்திருக்கும். வண்டி வருவதைச் சத்தம்தான் சொல்லும். பஸ்ஸும் டிராக்டரும் சொல்லிவிட்டு வரும். மின்சார ஸ்கூட்டர்?

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மின்சார வண்டி ஓட்டுபவர்கள், நடந்து போகிறவருக்கு நம் வண்டி கேட்காது என்று நினைத்தே ஓட்ட வேண்டும். திருப்பத்திலும் சந்திலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெள்ளைக் கோலோடு நடப்பவரைக் கண்டால் நின்று வழி விட வேண்டும். நடக்கிறவர்கள், இரண்டு காதிலும் இயர்போன் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடக்கக் கூடாது. ஆனால் இது மட்டும் போதாது. மாட்டுக்குச் சலங்கை கட்டிய ஊர், ஸ்கூட்டருக்கும் ஒன்று கட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசி வரை ஆய்வுக்கூடம்

1948-ல் பெங்களூருவில் தன் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார் ராமன். 1954-ல் பாரத ரத்னா. கடைசிக் காலத்தில் பூக்களின் நிறம், வைரம், கண் எப்படிப் பார்க்கிறது என்று அவர் ஆர்வம் போனது. பார்வையின் உடலியல் பற்றி 1968-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1970 நவம்பர் 21-ம் தேதி, 82-வது வயதில் காலமானார். அவருடைய நிறுவனத்தின் தோட்டத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் இன்று நிற்பது ஒரு மரம்.

அவர் பெயரில் சாலைகள் இருக்கின்றன, கல்லூரி அரங்குகள் இருக்கின்றன. ஆனால் தஞ்சை வீணைப் பட்டறையிலும் மிருதங்கத்துக்குச் சோறு வைக்கும் திண்ணையிலும், அவர் அளந்த வேலை இன்னும் காதால்தான் நடந்துகொண்டிருக்கிறது. தேய்க்கிறார்கள், தட்டிக் கேட்கிறார்கள், சரியில்லை என்றால் மறுபடி தேய்க்கிறார்கள்.

நாளை நம் தெருவில் ஓடப்போகும் வண்டிகளின் சத்தத்தையும் அதே அக்கறையோடு யாராவது கேட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது, அந்தச் சத்தத்தை நம்பி ரோட்டைக் கடக்கப் போகிறவர்களையும் கூட்டிவந்து கேட்கச் சொல்ல வேண்டும். சரியா இல்லையா என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.